லேப்டாப்பில் எலெக்ட்ரிக் கிட்டார் பதிவு: எங்கே செருகுவது, எதை வாங்குவது

கேட்டவரிடம் இருப்பவை இவை: மூன்று சிங்கிள் காயில் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சிக்னலாக்கும் பாகம்) கொண்ட ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகை எலெக்ட்ரிக் கிட்டார், 10 வாட் பிராக்டிஸ் ஆம்ப், ஒரு விண்டோஸ் லேப்டாப். கடையில் சின்னதாக ஒரு கன்வெர்ட்டர் பின் வாங்கி, கிட்டார் ஒயரின் பெரிய பிளக்கை லேப்டாப்பின் ஹெட்போன் ஓட்டையில் செருகியிருக்கிறார். சத்தம் மங்கலாக வருகிறது. கம்பியைத் தட்டிக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் காதில் விழுகிறது. பின்னணியில் ‘உம்’ என்ற இரைச்சல் விடாமல் ஓடுகிறது. இன்னும் என்ன வாங்க வேண்டும், ஆம்ப்பிலிருந்தே நேராக லேப்டாப்புக்கு ஒயர் போடலாமா என்று கேட்கிறார்.

இந்த மூன்று குறைகளும் மூன்று வேறு இடங்களிலிருந்து வருகின்றன. மங்கலுக்குக் காரணம் செருகிய ஓட்டை. தாமதத்துக்குக் காரணம் விண்டோஸ் ஒலியைக் கையாளும் வழி. இரைச்சலுக்குக் காரணம் பெரும்பாலும் அறையில் இருக்கும் கரன்ட் சாமான்கள். ஒன்றைச் சரிசெய்தால் மற்ற இரண்டும் தானாகப் போகாது. ஆனால் முதலில் கவனிக்க வேண்டியது அந்த ஓட்டையைத்தான். கிட்டார் சிக்னல் முதன்முதலில் நுழையும் இடத்தில் தொலைந்த ஒலியை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. ஆம்ப் ஒலி போன்றவற்றைப் பதிவு முடிந்த பிறகும் மாற்றிக்கொள்ளலாம்.

அதற்கு முன் ஒரு சோதனை செய்துபாருங்கள். கிட்டாரின் வால்யூம் குமிழை முழுக்கப் பூஜ்யத்துக்குத் திருப்பிவிட்டு வாசித்துப் பதிவு செய்யுங்கள். அப்போதும் சத்தம் பதிவானால், ஒயர் வழியாக எதுவுமே லேப்டாப்புக்குள் போகவில்லை என்று அர்த்தம். திரைக்கு அருகே இருக்கும் லேப்டாப்பின் சொந்த மைக், கம்பி அதிரும் ஓசையைக் காற்றில் கேட்டுப் பதிவு செய்துகொண்டிருக்கிறது. இது மிகச் சாதாரணமாக நடப்பதுதான். இன்றைய லேப்டாப்களில் ஹெட்போனுக்கும் மைக்குக்கும் சேர்த்து ஒரே 3.5 மி.மீ. ஓட்டை இருக்கிறது. அதற்குரிய பிளக்கில் நான்கு தொடுமுனைகள் உண்டு: நுனி இடது காதுக்கு, அடுத்த வளையம் வலது காதுக்கு, அதற்கடுத்தது எர்த், கடைசிப் பகுதி மைக்குக்கு. கிட்டார் பிளக்கில் இருப்பதோ இரண்டே முனைகள். சாதாரண கன்வெர்ட்டர் போட்டுச் செருகினால் கிட்டாரின் சிக்னல் இடது காதுக்கான வெளியீட்டில் போய் முட்டும். மைக் முனை எர்த்தோடு ஒட்டிக்கொள்ளும். ‘வெறும் ஹெட்போன்தான் செருகியிருக்கிறார்கள்’ என்று முடிவு செய்து லேப்டாப் தன் சொந்த மைக்கையே தொடர்ந்து பயன்படுத்தும்.

சரி, மைக்கையும் ஹெட்போனையும் தனித்தனியாகப் பிரிக்கும் ஒய் வடிவ ஒயர் ஒன்று போட்டு, மைக் பக்கம் ஒழுங்காகச் செருகினால்? சிக்னல் உள்ளே போகும். ஆனால் பெரும்பகுதியை இழந்துதான் போகும். இது ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் எதை வாங்குவது என்ற முடிவே இதில்தான் இருக்கிறது.

கிட்டார் பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றி, முடியைப் போல மெல்லிய செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான முறை சுற்றிய ஒரு காயில். அதன் மேலே எஃகுக் கம்பி அதிரும்போது காயிலில் மிகச் சிறிய மின்னழுத்தம் உண்டாகிறது. பேட்டரி இல்லாத சாதாரண கிட்டாரில் இதைத் தள்ளிவிட வேறு எந்த ஆற்றலும் கிடையாது. ஸ்ட்ராட் வகை பிக்கப்பின் மின்தடை சுமார் 6,000 முதல் 7,000 ஓம் வரை இருக்கும். இண்டக்டன்ஸ் (கரன்ட் மாறுவதை எதிர்க்கும் காயிலின் தன்மை) இரண்டு, இரண்டரை ஹென்றி இருக்கும். இப்படிப்பட்ட பலவீனமான மூலத்திலிருந்து சிக்னலை வாங்கும் கருவி அதிலிருந்து கரன்ட் எதையும் இழுக்கக் கூடாது. மேல்தொட்டியில் கொஞ்சமே தண்ணீர் இருக்கும்போது கீழே பெரிய குழாயை முழுக்கத் திறந்துவிட்டால் மற்ற குழாய்களில் அழுத்தம் போய்விடும் அல்லவா, லேப்டாப்பின் மைக் ஓட்டை கிட்டாருக்குச் செய்வது அதுதான். அந்த ஓட்டை சின்ன எலெக்ட்ரெட் மைக்குகளுக்காக வடிவமைக்கப்பட்டது. அவற்றுக்குச் சக்தி கொடுக்க இரண்டு மூன்று வோல்ட்டை ஒரு ரெசிஸ்டர் வழியாக அதுவே வெளியே அனுப்புகிறது. கிட்டாரின் பார்வையில் அந்த உள்ளீட்டின் இம்பீடன்ஸ் (சிக்னலுக்கு அது காட்டும் மின்தடை) சில ஆயிரம் ஓம்கள்தான்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உள்ளீடு 2,200 ஓம், பிக்கப் 6,500 ஓம் என்று வைத்துக்கொண்டால், பிக்கப் தரும் மின்னழுத்தத்தில் கால்வாசிதான் உள்ளே சேரும். அளவு குறைவதுகூடப் பரவாயில்லை, கெய்ன் (சிக்னலைப் பெருக்கும் அளவு) ஏற்றிக்கொள்ளலாம். இண்டக்டன்ஸ் செய்வதுதான் பெரிய சேதம். இரண்டரை ஹென்றி காயிலும் இந்த மின்தடையும் சேர்ந்தால் சுமார் 550 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள எல்லா ஒலியும் சரியத் தொடங்கிவிடும். மெல்லிய முதல் கம்பியின் 12ஆம் ஃப்ரெட் ஸ்வரமே 659 ஹெர்ட்ஸ். அதாவது மேல்சுரங்கள் மட்டுமல்ல, உயரமான ஸ்வரங்களின் அடிப்படை அதிர்வே வெட்டுப்படுகிறது. மைக் ஓட்டை வழியாகப் போனால் கேட்கும் மங்கல் இதுதான். அப்புறம் ஈக்வலைசரில் ட்ரெபிளை எவ்வளவு ஏற்றினாலும் இரைச்சல்தான் ஏறும்.

கிட்டார் ஆம்ப்பின் உள்ளீடு வழக்கமாக 1 மெகாஓம், அதாவது பத்து லட்சம் ஓம். அங்கே பிக்கப் எந்தச் சுமையும் இல்லாமல் பாடும். அதோடு இன்னொன்றும் நடக்கிறது. பிக்கப்பின் இண்டக்டன்ஸும் ஒயரின் கெபாசிடன்ஸும் (மின்னேற்றத்தைச் சேர்த்துவைக்கும் தன்மை) சேர்ந்து சில ஆயிரம் ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு மேடு உண்டாக்குகின்றன. ஸ்ட்ராட்டின் அந்தப் பளிச்சென்ற மணியோசை அந்த மேட்டில்தான் இருக்கிறது. கிட்டார் ஒயரின் கெபாசிடன்ஸ் மீட்டருக்கு ஏறக்குறைய 100 பிக்கோஃபேரட். ஒயர் நீள நீள அந்த மேடு கீழே இறங்கும், ஒலி மந்தமாகும். அதனால் கிட்டார் ஒயரை 3 மீட்டருக்குள் வைத்துக்கொண்டு, தூரம் வேண்டுமானால் யூ.எஸ்.பி ஒயரையோ ஹெட்போன் ஒயரையோ நீட்டிக்கொள்வது நல்லது.

ஆகவே வாங்க வேண்டியது ஒன்றுதான்: கிட்டாருக்கான உள்ளீடு உள்ள சிறிய யூ.எஸ்.பி ஆடியோ இன்டர்ஃபேஸ், அதாவது கிட்டார் சிக்னலை டிஜிட்டலாக்கி லேப்டாப்புக்கு அனுப்பும் பெட்டி. பெட்டியின் முகப்பில் ‘இன்ஸ்ட்’ என்ற பொத்தானோ, ‘ஹை-இசட்’ என்ற எழுத்தோ, குட்டி கிட்டார் படமோ இருக்கும். விவரத் தாளில் அந்த உள்ளீட்டின் இம்பீடன்ஸ் 1 மெகாஓம் அல்லது அதையொட்டி இருக்கிறதா என்று பாருங்கள். ‘லைன்’ உள்ளீடு மட்டும் இருந்தால் போதாது. அது பெரும்பாலும் பத்தாயிரம் ஓம் அளவில்தான் இருக்கும், கிட்டாருக்கு அதுவும் சுமையே.

இரண்டாவதாகப் பார்க்க வேண்டியது, விலைப்பட்டியலில் கண்ணில் படாத ஒன்று: அந்தக் கருவிக்கு அதன் கம்பெனியே எழுதிய ஏசியோ டிரைவர் (தாமதத்தைக் குறைக்கும் இணைப்பு மென்பொருள்) இருக்கிறதா என்பது. ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ, ஸ்டெயின்பர்க் யூ.ஆர். வரிசை, ஆடியன்ட் ஐடி4, பெஹ்ரிங்கர் யூ.எம்.சி.202ஹெச்.டி ஆகியவற்றுக்கு உண்டு. பெஹ்ரிங்கரின் மிக மலிவான யூ.எம்.2 மாடலுக்குத் தனி டிரைவர் கிடையாது. ஏசியோ4ஆல் என்ற பொதுவான இலவச டிரைவரை நம்பியிருக்க வேண்டும். அதிலும் பதிவு செய்ய முடியும், கெட்ட கருவி என்று சொல்ல மாட்டேன். ஆனால் கையில் இருக்கும் பணத்தில் சற்று நீட்டி, சொந்த டிரைவர் உள்ள கருவியை வாங்க முடிந்தால் அதைத்தான் வாங்கச் சொல்வேன். ஒலித்தரத்தில் இவற்றுக்குள் வித்தியாசம் குறைவு. வாசிக்கும்போது கை உணரும் தாமதத்தில் வித்தியாசம் அதிகம். செகண்ட் ஹேண்ட் வாங்கினாலும் தவறில்லை. உங்கள் விண்டோஸ் பதிப்புக்கு அந்த மாடலின் டிரைவர் கம்பெனி தளத்தில் இன்னும் கிடைக்கிறதா என்று மட்டும் முதலில் பார்த்துவிடுங்கள். பழைய ஃபயர்வயர் கருவிகள் மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம், உங்கள் லேப்டாப்பில் அதைச் செருக இடமே இருக்காது.

ஒரு முனையில் கிட்டார் பிளக்கும் மறுமுனையில் யூ.எஸ்.பியும் உள்ள ஒயர்களும் விற்கின்றன. ராக்ஸ்மித் விளையாட்டோடு வந்த ரியல் டோன் கேபிள் அந்த வகை. நல்ல ஒயராக இருந்தால் இம்பீடன்ஸ் பிரச்சினை தீரும். ஆனால் அதில் ஹெட்போன் செருக இடம் இல்லை. கிட்டார் ஒரு கருவி வழியாக உள்ளே வரும், சத்தம் லேப்டாப் வழியாக வெளியே போகும். இரண்டையும் ஒத்திசைக்க மென்பொருள் திணறும். வீட்டில் ஏற்கெனவே கிடந்தால் பழகிப் பார்க்கலாம், புதிதாக வாங்க வேண்டாம். மாறாக, உங்களிடமோ நண்பரிடமோ பாஸ் ஜி.டி.-1, லைன் 6 ஹெச்.எக்ஸ். ஸ்டாம்ப் போன்ற மல்டி எஃபெக்ட் பெடல் இருந்தால் இன்டர்ஃபேஸே தேவையில்லை. அதன் யூ.எஸ்.பி ஒயரே ஒலியையும் கொண்டுபோகும். எல்லா பெடல்களும் அப்படி அல்ல, சிலவற்றில் யூ.எஸ்.பி ஓட்டை மென்பொருள் அப்டேட்டுக்கு மட்டும்தான். வாங்குமுன் கையேட்டில் ‘யூ.எஸ்.பி ஆடியோ’ என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள்.

கருவி வந்த பிறகு இணைப்பது சுலபம். முதலில் கம்பெனி தளத்திலிருந்து டிரைவரை இறக்கி நிறுவுங்கள், பிறகு இன்டர்ஃபேஸைச் செருகுங்கள். ஹப் வழியாக வேண்டாம், நேராக லேப்டாப்பின் யூ.எஸ்.பி ஓட்டையில். கிட்டாரைச் செருகி, ‘இன்ஸ்ட்’ பொத்தானை அழுத்துங்கள். 48 வோல்ட் என்று ஒரு பொத்தான் இருக்கும்; அது கண்டென்ஸர் மைக்குக்கு, கிட்டாருக்கு வேண்டாம், அணைத்தே இருக்கட்டும். ஹெட்போனை லேப்டாப்பில் அல்ல, இன்டர்ஃபேஸில் செருகுங்கள். ஒயர் உள்ள ஹெட்போனாக இருக்க வேண்டும். புளூடூத் இயர்போனில் ஒலி பல நூறு மில்லிசெகண்ட் வரை பிந்தி வரக்கூடும். என்ன டிரைவர் போட்டாலும் அதைக் குறைக்க முடியாது.

கெய்ன் வைப்பதற்கு ஒரு வழி. நீங்கள் வாசிக்கப்போகும் பகுதியில் மிக பலமாக வருமிடம் எதுவோ, அதை அதே பலத்தோடு, கிட்டார் வால்யூம் முழுவதும் திறந்து வாசியுங்கள். மென்பொருளின் மீட்டர் உச்சத்தில் மைனஸ் 12 டெசிபெல் பக்கம் நிற்கும்படி குமிழைத் திருப்புங்கள். பூஜ்யத்தைத் தொடவே கூடாது. டிஜிட்டலில் பூஜ்யத்துக்கு மேல் இடமில்லை, அலையின் தலை வெட்டுப்பட்டு ‘கர்கர்’ என்று கேட்கும், அதைப் பிறகு சரிசெய்ய முடியாது. சத்தம் கம்மியாகப் பதிவாகிவிடுமோ என்ற பயம் வேண்டாம். 24 பிட் பதிவில் மிக மெல்லிய ஒலிக்கும் மிக பலமான ஒலிக்கும் இடையே உள்ள கோட்பாட்டு அளவிலான இடைவெளி 144 டெசிபெல். 16 பிட்டுக்கு 96. 24 பிட்டில் பத்துப் பன்னிரண்டு டெசிபெல் கீழே வைத்தால் எதுவும் குறைந்துவிடாது. 24 பிட், 48,000 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீடியோவுக்கும் அதே விகிதம்தான் என்பதால் பிறகு மாற்ற வேண்டியிருக்காது. ஒரு மோனோ ட்ராக் நிமிடத்துக்கு 8.6 மெகாபைட்தான் எடுக்கும்.

மோனோ என்றதும் ஞாபகம் வருகிறது. கிட்டார் ஒற்றை சிக்னல். மென்பொருளில் ஸ்டீரியோ ட்ராக் திறந்து பதிவு செய்தால் இடது காதில் மட்டும் கேட்கும், கருவி பழுது என்று நினைத்துக் கடைக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ட்ராக்கின் உள்ளீட்டை ‘மோனோ, உள்ளீடு 1’ என்று தேர்ந்தெடுத்தால் இரண்டு காதிலும் வரும். மீட்டர் அசையவே இல்லை என்றால், விண்டோஸ் செட்டிங்ஸில் பிரைவசி பகுதிக்குப் போய் மைக்ரோஃபோன் அனுமதி திறந்திருக்கிறதா என்று பாருங்கள். அது மூடியிருந்தால் எந்த ஒலி உள்ளீடும் வராமல் போகலாம். அதேபோல ‘ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்’, இரைச்சல் நீக்கம் போன்ற வசதிகள் இயங்கினால் அணைத்துவிடுங்கள். அவை மனிதக் குரலுக்காகச் செய்யப்பட்டவை. நீட்டி ஒலிக்கும் கிட்டார் ஸ்வரத்தை மின்விசிறி இரைச்சல் என்று நினைத்து விழுங்கிவிடும்.

இனி தாமதம். கம்ப்யூட்டர் ஒலியைத் துளித் துளியாக அல்ல, பொட்டலம் பொட்டலமாக எடுத்துக்கொள்கிறது. ஒரு பொட்டலத்தில் எத்தனை சாம்பிள் (ஒரு கணத்தில் அளந்த ஒலியின் அளவு) என்பதுதான் பஃபர். 48,000 ஹெர்ட்ஸில் 128 சாம்பிள் என்றால் 2.7 மில்லிசெகண்ட், 1024 சாம்பிள் என்றால் 21. உள்ளே வரும்போது ஒரு பொட்டலம், வெளியே போகும்போது ஒரு பொட்டலம், அதற்கு மேல் கருவியும் டிரைவரும் எடுக்கும் நேரம், எல்லாம் சேர்த்துத்தான் காதுக்கு வரும். நல்ல டிரைவரில் 128 சாம்பிள் வைத்தால் மொத்தம் 10 மில்லிசெகண்ட் அக்கம்பக்கத்தில் முடிந்துவிடும். ஒலி காற்றில் விநாடிக்கு 343 மீட்டர் போகிறது, அதனால் 10 மில்லிசெகண்ட் என்பது ஆம்ப்பிலிருந்து மூன்றரை மீட்டர் தள்ளி நின்று வாசிப்பதற்குச் சமம். மேடையில் எல்லோரும் அப்படித்தான் வாசிக்கிறார்கள். கை அதைப் பொருட்படுத்தாது. 30ஐத் தாண்டினால் தாளம் நழுவத் தொடங்கும்.

விண்டோஸின் வழக்கமான ஒலிப்பாதை படம் பார்ப்பதற்கும் பாட்டு கேட்பதற்கும் உண்டானது. அங்கே நூறு மில்லிசெகண்ட் பிந்தினாலும் யாருக்கும் தெரியாது. இந்தப் பாதையைச் சுற்றிப்போய், மென்பொருளையும் கருவியையும் நேரடியாகப் பேசவைப்பதற்காக ஸ்டெயின்பர்க் கம்பெனி 1997இல் கொண்டுவந்ததுதான் ஏசியோ. நீங்கள் செய்ய வேண்டியது, பதிவு மென்பொருளின் ஆடியோ அமைப்பில் இன்டர்ஃபேஸின் ஏசியோ டிரைவரைத் தேர்ந்தெடுத்து பஃபரை 128 என்று வைப்பது. ‘டிக் டிக்’ என்று வெடிப்புச் சத்தம் வந்தால் 256க்கு ஏற்றுங்கள். லேப்டாப்பின் பவர் அமைப்பை ‘ஹை பெர்ஃபார்மன்ஸ்’ ஆக்குவதும், பதிவு நேரத்தில் வைஃபையை அணைப்பதும் பல லேப்டாப்களில் அந்த வெடிப்பைப் போக்கும். பதிவு முடிந்து மிக்ஸ் செய்யும்போது பஃபரை 1024க்கு ஏற்றிவிடலாம், அப்போது தாமதம் ஒரு பொருட்டே அல்ல. மேக் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி குறைவு. அதன் ஒலிப்பாதையான கோர் ஆடியோ இயல்பாகவே வேகமானது.

இன்டர்ஃபேஸில் ‘டைரக்ட் மானிட்டர்’ என்று ஒரு பொத்தான் இருக்கும். அது கிட்டாரை கம்ப்யூட்டருக்குள் போகாமலே நேராக ஹெட்போனுக்கு அனுப்பும். தாமதமே இருக்காது, ஆனால் எஃபெக்ட் எதுவும் இல்லாத வெறும் கிட்டார் ஒலிதான் கேட்கும். ஆம்ப் மென்பொருள் வழியாகக் கேட்க விரும்பினால் இதை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரே ஸ்வரம் இரண்டு முறை கேட்கும்.

இவ்வளவும் செய்து முதல் பதிவைக் கேட்கும்போது பலருக்கு மனம் விட்டுப்போகிறது. ஒலி மெலிந்து, வறண்டு, பிளாஸ்டிக் தட்டியது மாதிரி இருக்கும். தவறு ஒன்றும் நடக்கவில்லை. எலெக்ட்ரிக் கிட்டாரின் ஒலியில் பாதிக்கு மேல் ஆம்ப்பும் ஸ்பீக்கர் பெட்டியும் தருவது. 12 இஞ்ச் கிட்டார் ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் செங்குத்தாக இறங்கிவிடும். டிஸ்டார்ஷனில் (ஒலியை வேண்டுமென்றே கரகரக்க வைப்பதில்) உண்டாகும் காதைக் கீறும் மேல்சுரங்களை அது வடிகட்டிவிடுகிறது. அந்த வேலையைக் கம்ப்யூட்டரில் செய்ய இரண்டு பகுதிகள் வேண்டும்: ஒன்று ஆம்ப்பைப் போலச் செய்வது, மற்றது ஸ்பீக்கர் பெட்டியைப் போலச் செய்வது. இரண்டாவதற்கு ஐ.ஆர். என்று பெயர். உண்மையான ஸ்பீக்கர் முன் மைக் வைத்து எடுத்த ஒலித்தடம் அது, ஒரு சிறிய வேவ் ஃபைல். டிஸ்டார்ஷன் போட்டதும் ஒலி தாங்க முடியாமல் கரகரக்கிறது என்று சொல்பவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது பகுதியைப் போடாமல் விட்டிருப்பார்கள்.

இதற்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை. ஸ்டீவன் அட்கின்சன் உருவாக்கி இலவசமாக, மூலநிரலோடு வெளியிட்ட நியூரல் ஆம்ப் மாடலர் என்ற ஆம்ப் மென்பொருள் இன்று கிடைப்பவற்றில் மிகச் சிறந்தவற்றோடு நிற்கிறது. உண்மையான ஆம்ப்களைப் பிடித்துவைத்த ஆயிரக்கணக்கான மாடல்களை மக்கள் இணையத்தில் பகிர்ந்திருக்கிறார்கள். அதிலேயே ஐ.ஆர். ஏற்றும் வசதியும் உண்டு. எல்லாம் ஒரே இடத்தில் படத்தோடு வேண்டுமென்றால் ஆம்ப்ளிட்யூப், கிட்டார் ரிக் இரண்டுக்கும் இலவசப் பதிப்புகள் உண்டு. இவற்றை இயக்கும் பதிவு மென்பொருளாக ரீப்பரைச் சொல்வேன்: இலகுவானது, பழைய லேப்டாப்பிலும் ஓடும், 60 நாள் முழு வசதியோடு சோதித்துப் பார்க்க விடுகிறார்கள். மேக்கில் கராஜ்பேண்ட் இலவசம், ஆம்ப்களும் உள்ளேயே இருக்கின்றன. ஆடாசிட்டி நல்ல மென்பொருள்தான், குரல் பதிவுக்கும் வெட்டி ஒட்டவும் நானும் அதைத் திறப்பதுண்டு. ஆனால் வாசிக்கும்போதே ஆம்ப் ஒலியைக் கேட்க அதில் வழியில்லை. டிஸ்டார்ஷன் காதில் விழாமல் ராக் வாசிக்க முடியாது, கை வேறு மாதிரி வாசித்துவிடும்.

இந்த முறையில் எனக்கு மிகப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. ட்ராக்கில் பதிவாவது சுத்தமான கிட்டார் சிக்னல் மட்டும். ஆம்ப் ஒலி என்பது கேட்கும்போது மேலே போர்த்தப்படுவது. வாசிப்பு இன்று நன்றாக அமைந்துவிட்டது, டோன் சரியில்லை என்றால் அடுத்த வாரமோ அடுத்த வருடமோ ஆம்ப்பை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். அதனால் அந்தச் சுத்தமான ஃபைல்களை அழிக்காதீர்கள். டிஸ்டார்ஷன் கெய்னை நீங்கள் விரும்புவதைவிடக் கொஞ்சம் குறைத்தே வையுங்கள், பதிவில் அது தெளிவாக நிற்கும். ரிதம் பகுதி அகலமாகக் கேட்க வேண்டுமென்றால் அதே பகுதியை இரண்டு முறை தனித்தனியாக வாசித்து, ஒன்றை முழு இடதுக்கும் ஒன்றை முழு வலதுக்கும் தள்ளுங்கள். ஒரே பதிவை நகல் எடுத்து இரண்டு பக்கமும் வைத்தால் அகலம் வராது, சத்தம்தான் கூடும். இரண்டு வாசிப்புகளுக்கு இடையே உள்ள சின்னச் சின்ன வேறுபாடுகள்தான் அந்த அகலத்தைத் தருகின்றன.

அடுத்து அந்த ‘உம்’. சிங்கிள் காயில் பிக்கப் கம்பியின் அதிர்வை மட்டுமல்ல, அறையில் உள்ள மின்காந்தப் புலங்களையும் பிடிக்கும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் இரைச்சலும் 50, 100 ஹெர்ட்ஸில் வரும். கிப்சன் கம்பெனியில் சேத் லவர் 1950களில் உருவாக்கிய ஹம்பக்கர் வகை பிக்கப், இரண்டு காயில்களை எதிரெதிராக இணைத்து இதைத் தீர்க்கிறது. உங்கள் கிட்டாரிலும் ஸ்விட்சின் இரண்டாவது, நான்காவது நிலைகளை முயன்று பாருங்கள். நடு பிக்கப்பை எதிர்த்திசையில் சுற்றிச் செய்திருந்தால் அந்த இரண்டு நிலைகளில் இரைச்சல் சட்டென்று அடங்கும்.

நம் வீடுகளில் பெரிய குற்றவாளி ஃபேன் ரெகுலேட்டர். இன்றைய எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர்களில் பல, மின்அலையை நடுவில் வெட்டி வேகத்தைக் குறைப்பவை. அந்த வெட்டு கிட்டாரில் ‘ஸ்ஸர்ர்’ என்று கூர்மையாகக் கேட்கும். ஃபேனை முழு வேகத்தில் வைத்தாலே இது பெரும்பாலும் குறையும். பதிவு நேரத்தில் நிறுத்திவிட்டால் நிச்சயம். பழைய ட்யூப்லைட் சோக்கும் டிம்மர் விளக்கும் அப்படியே. லேப்டாப்புக்கு மிக அருகில் உட்காராமல் ஒரு மீட்டர் தள்ளி, நாற்காலியை மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். ஏதோ ஒரு திசையில் இரைச்சல் கணிசமாகக் குறையும். அந்தத் திசையிலேயே வாசியுங்கள்.

பிறகு சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் மறைந்தால் குற்றம் சார்ஜருடையது, அல்லது வீட்டு எர்த்தினுடையது. பேட்டரியிலேயே பதிவு செய்வதுதான் சுலபமான தீர்வு. சிறிய இன்டர்ஃபேஸ்கள் யூ.எஸ்.பியிலிருந்தே சக்தி எடுப்பதால் சுவர் மின்சாரத்தோடு தொடர்பே அறுந்துவிடும். கரன்ட் போய் இன்வெர்ட்டர் ஓடும்போது, அது சதுர அலை இன்வெர்ட்டராக இருந்தால், இரைச்சல் இன்னும் கரடுமுரடாகும். அப்போதும் பேட்டரிதான் வழி. கம்பியைத் தொட்டால் இரைச்சல் குறைவது பெரும்பாலான கிட்டார்களில் இயல்பு. ஆனால் தொட்டால் கையில் ‘சுர்’ என்று ஷாக் தெரிந்தால் வாசிப்பதை நிறுத்திவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். மூன்று பின் பிளக் பாயின்ட் இருந்தும் உள்ளே எர்த் ஒயர் இணைக்காத வீடுகள் நிறைய இருக்கின்றன. இரைச்சலைப் போக்க ஆம்ப் பிளக்கின் எர்த் பின்னை வெட்டிவிடுங்கள் என்று யாராவது சொன்னால் கேட்கவே கேட்காதீர்கள். உயிருக்கு ஆபத்து.

கடைசியாக, ஆம்ப்பிலிருந்து நேராக ஒயர் போடலாமா என்பது. எந்த ஓட்டையிலிருந்து என்பதைப் பொறுத்தது. ‘லைன் அவுட்’, ‘ஹெட்போன்’ என்று எழுதியிருந்தால் இன்டர்ஃபேஸுக்குப் போடலாம். ‘இன்ஸ்ட்’ பொத்தானை அணைத்து, ஆம்ப் வால்யூமைக் குறைவாகத் தொடங்கி மெதுவாக ஏற்றுங்கள். சிறிய ஆம்ப்களில் ஹெட்போன் ஓட்டையில் ஸ்பீக்கர் பெட்டியின் வடிகட்டல் இல்லாமல் இருக்கலாம். அப்படியானால் ஆம்ப் மாடலைப் போடாமல் ஐ.ஆரை மட்டும் ட்ராக்கில் போட்டால் சரியாகும். ஸ்பீக்கருக்குப் போகும் வெளியீட்டிலிருந்து மட்டும் ஒருபோதும் இன்டர்ஃபேஸுக்கோ லேப்டாப்புக்கோ ஒயர் போடாதீர்கள். அது பல வாட் சக்தி, உள்ளீட்டை எரித்துவிடும். ட்யூப் ஆம்ப் என்றால் கேடு இரண்டு பக்கமும்: ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு இயக்கினால் அதன் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரே போய்விடக்கூடும்.

ஆம்ப்பின் உண்மையான ஒலிதான் வேண்டுமென்றால் அதன் முன் மைக் வைப்பது பழைய, நம்பகமான வழி. 1965இலிருந்து விற்பனையில் இருக்கும் ஷூர் எஸ்.எம்.57 இதற்கென்றே பழக்கப்பட்ட மைக். 48 வோல்ட் தேவையில்லை, எக்ஸ்.எல்.ஆர். ஒயரில் இன்டர்ஃபேஸின் மைக் உள்ளீட்டுக்குப் போகும். ஸ்பீக்கர் துணியிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் தூரத்தில், நடுவில் உள்ள குமிழின் விளிம்பைப் பார்த்து வைத்துத் தொடங்குங்கள். நடுவுக்கு நகர்த்தினால் ஒலி கூர்மையாகும், ஓரத்துக்கு நகர்த்தினால் இருளும். ஆனால் 10 வாட் பிராக்டிஸ் ஆம்ப்பின் சின்ன ஸ்பீக்கருக்கு இதற்காக மைக் வாங்குவது இப்போது தேவையில்லை என்பது என் கருத்து. அந்தப் பணத்தை இன்டர்ஃபேஸில் போடுங்கள். இரவு பதினொரு மணிக்கும் பக்கத்து வீட்டாரை எழுப்பாமல் வாசிக்கலாம்.